கொட்டகை வாசலில் விட்ட செருப்பு

கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சியே தீரவேண்டிய ஒரு காலைப்பொழுதில், அம்சவள்ளி மோட்டார்க் கொட்டகையை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாசி மாதத்து வெயில் அப்போதே சுள்ளென்று ஏறத் தொடங்கியிருந்தது. செல்லிப்பட்டுக் கழனிகளில் நவரை நெல் பொதி கட்டும் பருவம் அது. கதிர் இன்னும் தாளுக்குள் மறைந்திருக்கும் அந்த நாட்களில் தண்ணீர் தவறினால், பின்னர் வெளிவருவது நெல்லாக இராது, பதராகவே இருக்கும். சங்கராபரணி ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தபோதிலும், மணல் தெரியக் கிடக்கும் காலத்தில் அதனால் ஆடுமாடுகளுக்குத்தான் பயன் உண்டு. பயிரைக் காப்பாற்றுவது போர்த்தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர். அம்சவள்ளியின் கழனியும் அதை ஒட்டிய ராஜாமணியின் கழனியும் ஒரே போரை நம்பியிருந்தன. அந்தப் போரின் கொட்டகையைத்தான் அவள் பூட்டினாள்.

அவளுடைய கணவன் அன்புராஜ் அந்தக் கொட்டகைக்குள் இறந்தவன். பொங்கல் கழிந்து, மாட்டுக் கொம்புகளில் பூசிய வர்ணம் மங்காதிருந்த நாட்கள். விடிந்தும் விடியாத வேளையில் மும்முனை மின்சாரம் வந்ததும் தண்ணீர் கட்டப் போனவன், வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தான். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர்மேலே கங்கையம்மன் படம் மாட்டியிருந்தது. பெட்டியின் நெற்றியில் பொங்கலன்று வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. பெட்டிக்குள் எலி கடித்த கம்பியொன்று தகட்டின்மேல் சாய்ந்து கிடந்தது யாருக்கும் தெரியாது. குழாய்க் கசிவினால் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது.

“இன்னாடா, கரண்டு வந்து எம்மா நேரமாவுது, இன்னும் தண்ணி வர்ல?” என்று திட்டிக்கொண்டே வந்த ராஜாமணிதான் முதலில் பார்த்தான். வாசலில் இரண்டு செருப்புகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒழுங்காக இருந்தன. உள்ளே அன்புராஜ் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தான்.

ஒரு சாவு இவ்வாறு திடுமென நேர்ந்துவிட்டால், ஊரே சில காலம் கையை நீட்டுவதற்கு யோசிக்கும். செல்லிப்பட்டும் யோசித்தது. பெண்கள் ஃபிரிட்ஜின் கதவைத் துணி சுற்றித் திறந்தார்கள். இஸ்திரிப்பெட்டிகள் பரணுக்கு ஏறின. ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்ட பிள்ளைகள் முதுகில் அறை வாங்கினார்கள். மோட்டார் போடப் போகிற ஆண்களில் ஒருவர் புறங்கையால் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். மற்றொருவர் காய்ந்த சவுக்குக் குச்சியால் பொத்தானைக் குத்தினார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்காத கொட்டகை அந்தப் பக்கத்தில் இல்லை. கங்கையம்மனுக்குச் சேவல் அறுத்தவர்களும் உண்டு. ஆயினும் செருப்பைக் கழற்றும் வழக்கத்தை ஒருவரும் விடவில்லை. அதுவரையில் அலட்சியமாகச் செருப்போடு நுழைந்துகொண்டிருந்த இரண்டொருவரும்கூட, அம்மன் கோபித்துக்கொண்டாளோ என்ற அச்சத்தினால், வாசலிலேயே கழற்றிவிட்டுப் போகத் தலைப்பட்டார்கள். கழனி லட்சுமி, போர்த்தண்ணீர் கங்கை, அங்கே செருப்புக் காலோடு போவதா என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பாடமன்று, தாய்ப்பாலோடு வந்தது.

காரியம் முடிந்தபின் திருக்கனூரிலிருந்து மெக்கானிக் விஜயராஜ் வந்து கம்பிகளை மாற்றிக் கொடுத்தான். மோட்டார் ஓடும் என்றான். அதற்கு மறுநாள் காலை, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்சவள்ளி தற்செயலாகத் தலைநிமிர்ந்தாள். பள்ளிச் சீருடையில் இருந்த அவளுடைய மகள் அனிதா கொட்டகை வாசலில் நின்று, ஒரு காலால் மறுகாலின் செருப்பைத் தள்ளிக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏய்! அனிதா! கைய வெக்காத!”

அரிவாளும் புல்லும் எங்கே விழுந்தன என்று அவளுக்கே தெரியாது. வரப்பில் ஓடி, வாய்க்காலில் இறங்கி ஏறி, பொத்தானை நோக்கி நீண்டிருந்த மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள்.

“இன்னாம்மா? கரண்டு வந்துடுச்சு. இளங்கோ சித்தப்பா டூட்டி முடிஞ்சு சாயங்காலந்தான் வருவாரு. அதான் நாமளே போட்டுடலாம்னு.”

“செருப்பு எங்கடி?”

“தோ, வெளியதான் விட்டேன்.” தாயின் முகத்தைப் பார்த்து, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிய அனிதா அவசரமாகச் சொன்னாள். “உள்ள போட்டுக்கினு போவலம்மா. சாமி கீது இல்ல? எனக்குத் தெரியாதா?”

அம்சவள்ளி மகளின் காலடியைப் பார்த்தாள். அந்தப் பதினைந்து வயதுக் காலின் விரல்களில் வாய்க்கால் ஈரம் மினுங்கியது. அன்புராஜின் செருப்புகள் இருந்த அதே இடத்தில், அதே ஒழுங்கில், மகளின் செருப்புகள் இருந்தன. அன்றுவரை அவள் கண்ணில் பட்டும் கருத்தில் படாதிருந்த ஒன்று அப்போதுதான் பட்டது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினாள்.

*

முந்தின நாள் கொட்டகை வாசலில் விட்டுப்போன ஸ்பேனரை எடுத்துப் போக முற்பகலில் விஜயராஜ் வண்டியில் வந்தான். அம்சவள்ளி கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாக்கா, பூட்டிக்கினு உக்காந்துகினு கீற? மோட்டாரு மக்கர் பண்ணுதா?”

“மோட்டாரு நல்லாதான் கீது. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னிக்கி அவுரு கால்ல செருப்பு இருந்திருந்தா?”

விஜயராஜ் பதில் சொல்லுமுன் வரப்பின் இரு பக்கமும் பார்த்தான். பவுனம்மாள், அதாவது அன்புராஜின் தாய், கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

“எதுக்குக்கா இப்ப அதெல்லாம்? போனது போயிடுச்சு.”

“இருந்திருந்தா?”

“ரப்பர் செருப்புதான?” அவன் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். “சுருக்குனு இஸ்துருக்கும்க்கா. கைய ஒதறிக்கினு ரெண்டு கெட்ட வார்த்த சொல்லிருப்பாரு. அவ்ளோதான் நடந்திருக்கும். ஈரத்துல வெறுங்காலு, அதுதான் ஆள புடிச்சிக்கிச்சு.”

மடையான் கொக்குக் கூட்டமொன்று காய்ந்த வயலில் இறங்கி, ஒன்றும் கிடைக்காமல் எழுந்து பறந்தது.

“நேத்து நீ உள்ள வேல செஞ்சியே, செருப்பு போட்டுக்கினா செஞ்ச?”

விஜயராஜ் சிரித்துவிட்டான், உடனே வெட்கப்பட்டான். “கழட்டிட்டுதான்க்கா. மெயின ஆஃப் பண்ணிட்டேன், இருந்தாலும்... உங்க மாமியாரு வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. நான் இன்னா செய்ய? ஊர் ஊரா போறேன், எல்லா கொட்டாவுலயும் இதே கததான். எனக்குத் தெரியாமலா கீது? தெரிஞ்சேதான் கழட்டுறேன்.”

“எனக்கு எல்லாத்தையும் சரியா செஞ்சி குடு. எர்த்து புதுசா போடு. கரண்டு கசிஞ்சா தானா ஆஃப் ஆவுற பொட்டி ஒண்ணு கீதாமே, அத வெச்சிக் குடு. கீழ ரப்பர் பாய் போடு.”

“போட்டுடலாம். செருப்ப மட்டும் நம்பக் கூடாதுக்கா, எர்த்துதான் முக்கியம். அதே மாதிரி எர்த்து போட்டாச்சுன்னு செருப்ப உட்டுறவும் கூடாது.” வண்டியை மிதித்துக் கிளப்பியவன், போகாமல் நின்று, குரலைத் தாழ்த்தினான். “பெரிம்மா ஒத்துக்குவாங்களா?”

அதுதான் கேள்வி. எட்டு வருடங்களுக்குமுன் ஓர் ஐப்பசி மழையில், அன்புராஜ் அவசரத்தில் சேற்றுச் செருப்போடு கொட்டகைக்குள் ஓடியிருந்தான். அதைப் பார்த்துவிட்ட பவுனம்மாள், “கங்கம்மா தலையில செருப்பால மிதிச்சிட்டு வந்து நிக்கிறியேடா” என்று நடு வரப்பில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். அவன் குளித்துவிட்டு வந்து தேங்காய் உடைத்து விழுந்து கும்பிடும்வரை அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அதன்பின் எந்த அவசரத்திலும் அவன் செருப்போடு போனதில்லை. “சாமிக்குக்கூட சமாதானம் சொல்லிடலாம், எங்கம்மாவுக்கு முடியாது” என்று அம்சவள்ளியிடம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தச் செய்தியை இப்போது எடுத்துப் பேசினால், அது பேச்சாக இராது. ஒரு தாயின் தலையில் கல்லைப் போடுவதாக இருக்கும். அம்சவள்ளிக்கு அது தெரிந்திருந்தது. எனவே வீட்டுக்குத் திரும்பும்போது அவள் மனத்தில் இரண்டே தீர்மானங்கள் இருந்தன. செருப்பில்லாத கால் இனி அந்தக் கொட்டகைக்குள் போகக் கூடாது. அதற்கான காரணத்தைத் தன் வாயால் ஊரறியச் சொல்லவும் கூடாது.

*

மாலையில் இளங்கோ ஆலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சாவியைக் கேட்டான். அன்புராஜின் தம்பி அவன். திருபுவனைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவனுக்குமுன்பே ராஜாமணி வந்து வாசலில் குந்தியிருந்தான். பவுனம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அம்சவள்ளி அடுப்பில் முருங்கைக்கீரைச் சாறு கொதிக்க விட்டிருந்தாள். கணவன் இறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கருவாடு ஏறவில்லை.

“இன்னா அண்ணி, கொட்டாய பூட்டிட்டீங்களாமே? ராஜாமணி அண்ணன் சொன்னாரு.”

“ஆமா. எர்த்து போட்டு, பாய் போட்டு, எல்லாத்தையும் விஜயராஜ் முடிச்சப்புறம் தொறக்கறேன். தொறந்தாலும் செருப்பு போட்டுக்கினுதான் உள்ள போவணும். ஒத்துக்கினா சாவி.”

முறத்தின் ஓசை நின்றது.

“இன்னா சொன்ன?” என்றாள் பவுனம்மாள்.

“செருப்பு போட்டுக்கினுதான் போவணும் அத்த.”

“கங்கம்மா எதுருலயா?”

“கங்கம்மா எதுருலதான்.”

ராஜாமணி நடுவில் புகுந்தான். “ஏம்மா அம்சவள்ளி, சாவிய இடுப்புல செருவிக்கினா பயிரு பச்சையா ஆயிடுமா? என் கயினிய போயி பாரு, வெடிப்புல காலு மாட்டிக்குது. உனக்கு பயம்னா வூட்ல இரு. நாங்க ஆம்பளைங்க போயி போட்டுக்கறோம்.”

“அவுரும் ஆம்பளதான மாமா?”

இளங்கோ சமாதானமாகப் பேசினான். “சரி, வெறுங்கையால தொட மாட்டேன் அண்ணி. குச்சியால அமுக்கறேன். போதுமில்ல?”

“குச்சி நனைஞ்சிருந்தா? பெட்டி மேல தோளு இடிச்சா? உனக்கு இன்னாடா, செருப்பு இல்லியா? வாசல் வரைக்கும் போட்டுக்கினு போற, ரெண்டடி உள்ள போட்டுக்கினு போவ முடியாதா?”

இளங்கோ தாயைப் பார்த்தான். ஆலையில் காலணியில்லாமல் உள்ளே போனால் வாசற்காவலர் திருப்பியனுப்பிவிடுவார் என்பதும், இரும்பு வைத்த காலணியோடுதான் அவன் நாள்முழுவதும் நிற்கிறான் என்பதும் அம்சவள்ளிக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் ஆலைக்குள் அவனுடைய தாய் இல்லை.

“அம்மா இன்னா சொல்லுதோ அதான் அண்ணி,” என்றான்.

பவுனம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “கேட்டுக்கோங்கடா எல்லாரும். அந்த கொட்டாவுக்குள்ள செருப்பு போச்சின்னா, நான் அந்த கயினியில கால வெக்க மாட்டேன். எம்புள்ள இன்னாத்துனால போனான்னு எனக்குத் தெரியும். மொத நாளு ராத்திரி கருவாட்டுக் கொழம்பு. தின்ன வாயோட, பல்லுகூட வெளக்காம அம்மன் எதுருல போயி நின்னான். அவ பொறுப்பாளா?”

கருவாட்டுக் குழம்பை வைத்தவள் யார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் வேண்டி விரும்பிக் கேட்டான் என்று அம்சவள்ளி வாஞ்சையோடு வைத்த குழம்பு. அவள் வாய்திறந்து, “அவுரு செருப்ப கழட்டுனது யாருக்குப் பயந்து?” என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அந்த வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அம்சவள்ளி எழுந்துபோய்க் கொதித்து வழிந்த சாற்றை இறக்கி வைத்தாள். கை சுட்டதை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

“சாப்புடுங்க,” என்றாள். “சாவி என்கிட்டதான் இருக்கும்.”

*

விஜயராஜ் வந்து கொட்டகைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த்துக் குழாய் புதைத்தான். மின்சாரம் கசிந்தால் தானே நின்றுவிடும் சிறு பெட்டியைச் சுவரில் பொருத்தினான். கருப்பு ரப்பர் பாய் விரித்தான். அவன் வேலை செய்த நேரம் முழுவதும் அம்சவள்ளி வாசலில் நின்று, அவன் காலிலிருந்து செருப்பு இறங்காமல் பார்த்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டினாள். ஏனெனில் வேலை முடிந்ததேயன்றி, வீட்டில் ஒருவரும் அவள் பேச்சுக்கு இணங்கவில்லை.

பயிர் இலை சுருட்டத் தொடங்கியது. மேட்டுப் பாத்தியில் மஞ்சள் கண்டது. பால் சொசைட்டியில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். புருஷனை முழுங்கியவள் பயிரையும் முழுங்குகிறாள் என்றார்கள். அவள் கேனை நீட்டிப் பாலை ஊற்றிவிட்டு, கேனைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். மனம் கலங்கவில்லையென்று சொல்லிவிட முடியாது. தானே செருப்போடு போய் மோட்டாரைப் போட்டுவிட்டால் பயிர் பிழைக்குமே என்று பலமுறை சாவியைக் கையில் எடுத்தாள். ஆனால் தான் காட்டேரிக்குப்பத்துக்குத் தாய்வீடு போகிற ஒருநாள், தனக்குக் காய்ச்சல் கண்டு படுக்கிற ஒருநாள் வரும். அன்றைக்கு இளங்கோவோ அனிதாவோ வாசலில் நின்று பவுனம்மாளை நினைத்துக்கொள்வார்கள், செருப்பைக் கழற்றுவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை பூட்டும்.

வெயில் தாழ்ந்த ஒரு பொழுதில் அவள் கழனியில் களை பார்த்துக்கொண்டிருந்தபோது, பவுனம்மாள் வெறுங்காலோடு வரப்பில் வந்து உட்கார்ந்தாள். மண்ணின் வெடிப்புக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தாள். விரல் முழுவதும் உள்ளே போயிற்று.

“நாளைக்கி தண்ணி காட்டலன்னா அவ்ளோதான்,” என்றாள்.

“தெரியும் அத்த.”

“தெரிஞ்சும் பூட்டிக்கினு கீற. எனக்கும் உனக்கும் இன்னாடி பகை?”

“ஒரு பகையும் இல்ல.”

பவுனம்மாள் விரலை எடுத்துப் புடவையில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரோ அந்நியரிடம் வழி கேட்பதுபோல, பயிரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“கால்ல செருப்பு கெடந்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானா?”

இல்லையென்று சொல்லிவிடுவது எளிது. விதி என்று ஒரு சொல் போதும்; அந்த முதிய முகத்தில் ஒரு சுருக்கம் தளரும். அம்சவள்ளி கையிலிருந்த களையைக் கீழே போட்டாள்.

“பொழச்சிருப்பாரு அத்த.”

“யாரு சொன்னது?”

“விஜயராஜ்.”

“அவன் என்கிட்ட சொல்லல.”

“உன்கிட்ட யாரு சொல்லுவா?”

காற்று இல்லை. ஆற்றங்கரைப் பனைகளில் ஓலைகூட அசையவில்லை. பவுனம்மாள் அழுவாள் என்று அம்சவள்ளி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

“அப்பன்னா நாந்தான். வாய தொறந்து சொல்லிடு. நீ சொல்லாம சொல்லாம என்ன கொல்ற. நாந்தான் எம்புள்ளைய அனுப்பி வெச்சேன், சொல்லு!”

“நீ சொன்ன, அவுரு கேட்டாரு. நான் கருவாட்டுக் கொழம்பு வெச்சேன், அவுரு தின்னாரு. ரெண்டு பேரும் அவுருக்கு நல்லதுன்னுதான் நெனச்சோம். நடந்தத நான் உன்கிட்ட கேக்க வர்ல அத்த.” அவள் பவுனம்மாளின் எதிரில், காய்ந்த வயலிலேயே உட்கார்ந்தாள். “நாளைக்கி இளங்கோ போவான். நாளன்னைக்கு அனிதா போவா. அன்னிக்கே போயிட்டா, கை பொத்தான்கிட்ட போயிடுச்சு. நான்தான் இஸ்துப் போட்டேன்.”

பவுனம்மாளின் தலை சட்டென்று நிமிர்ந்தது. “அனிதாவா?”

“செருப்ப வெளிய உட்டுட்டுதான் போனேன், எனக்குத் தெரியாதான்னு சொல்றா. நான் சொன்னா இவங்க யாரும் கேக்க மாட்டாங்க. என் எதுருல போட்டுக்குவாங்க, நான் அந்தாண்ட போனா கழட்டுவாங்க. உன் பேச்சு அப்பிடி இல்ல. நீ இல்லாத எடத்துலகூட அது நிக்குது. அவுருகிட்ட நின்னிச்சே. அந்தப் பேச்ச மாத்திச் சொல்லு. அது போதும் எனக்கு.”

பவுனம்மாள் எழுந்து, வந்த வழியே வரப்பில் நடந்தாள்.

*

மறுநாள் காலை பவுனம்மாள் வீட்டில் இல்லை. மாட்டுக் கொட்டிலில் இல்லை, கோயிலில் இல்லை. அடுப்பங்கரையில் முந்தின நாள் சோறு தொடாமல் மூடிக் கிடந்தது. உண்மையைச் சொன்னது தவறோ, ஒருவருக்கு வைத்த காவல் மற்றொருவரைக் கொண்டுபோய்விட்டதோ என்று எண்ணி, அம்சவள்ளி இளங்கோவை ஆற்றுப் பக்கம் ஓடவிட்டாள். அவன் கரைநெடுக ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து, “இன்னா அண்ணி சொன்னீங்க எங்கம்மாகிட்ட?” என்று கேட்டான். அவள் சொன்னாள்.

உச்சிப்பொழுதில் திருக்கனூர் பேருந்து வந்து நின்றது. பவுனம்மாள் இறங்கினாள். இறங்கிய விதமே புதிதாக இருந்தது. படியில் ஒரு காலை வைத்து, நின்று, மறுகாலைச் சேற்றில் வைப்பதுபோல வைத்தாள். காலில் நீலவார் போட்ட ரப்பர் செருப்பு. பிறந்தது முதல் கழனிக்கும் களத்துக்கும் வெறுங்காலோடு போய்வந்தவள். கல்யாணம் காட்சிக்குக்கூடச் செருப்பு மாட்டியறியாதவள். விரல் பிடிப்பு வராமல் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் பின்னால் கழன்றது. அவள் நின்று, குனிந்து, மாட்டிக்கொண்டு நடந்தாள்.

டீக்கடை வாசலில் நின்ற ராஜாமணிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. “இன்னா சித்தி, நடையே மாறிப்போச்சு! பொண்ணு பாக்க வராங்களா?”

“வாய மூடிக்கினு கயினிக்கு வாடா. கரண்டு எப்ப வருது?”

“மதியம் மொறை கரண்டு, இப்ப வந்துடும். எதுக்கு?”

அவள் நிற்கவில்லை. வீட்டைக் கடந்து, எதிரே ஓடிவந்த மகனையும் மருமகளையும் கடந்து, நேராகக் கழனிப் பாதையில் திரும்பினாள். மூவரும் பின்தொடர்ந்தார்கள். வரப்பில் இரண்டு இடத்தில் தடுமாறினாள். இளங்கோ கைகொடுக்க நீட்டினான், தட்டிவிட்டாள்.

கொட்டகை வாசலில் நின்று அம்சவள்ளியிடம் கையை நீட்டினாள். அம்சவள்ளி சாவியைக் கொடுத்தாள். கதவு திறந்ததும் இளங்கோ முன்னால் வந்தான்.

“நீ இரும்மா, நான் போறேன்.”

“தள்ளுடா. மொத காலு என்னுதா இருக்கட்டும். அவளுக்குக் கோவம் வந்தா என்னோட போவட்டும்.”

வாசற்படியில் பவுனம்மாளின் கால் தானாகவே நின்றது. எழுபது ஆண்டுப் பழக்கம் அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்ததை அம்சவள்ளி கண்ணால் பார்த்தாள். குதிகால் செருப்பிலிருந்து பாதி எழும்பியது. பிறகு அழுந்த இறங்கியது. பவுனம்மாள் உள்ளே போனாள். ரப்பர் பாயின்மேல் நின்றாள். படத்துக்கு நேராகக் கைகூப்பினாள்.

“தாயே, செருப்போடதான் வந்து நிக்கிறேன். கண்ண மூடிக்கணும்னா மூடிக்கோ. தண்டன குடுக்கணும்னா எனக்குக் குடு. புள்ளைங்கள உட்டுடு.”

அம்சவள்ளி கதவின் நிலையை இறுகப் பிடித்திருந்தாள். எர்த்து இருக்கிறது, பெட்டி இருக்கிறது, பாய் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆயினும் பவுனம்மாளின் விரல் பச்சைப் பொத்தானை நெருங்கியபோது அவள் பார்வை அந்த நீலவார்ச் செருப்பைத்தான் தேடியது.

மோட்டார் உறுமியது. குழாய் வாய் முதலில் காற்றைக் கக்கியது. பிறகு செம்மண் கலந்த கலங்கல். பிறகு, வெயிலில் கண் கூச, தண்ணீர்.

பவுனம்மாள் அசையாமல் நின்றாள். தனக்கு ஒன்றும் நேரவில்லையென்று தெரிந்தபோதுதான் அவள் முகம் உடைந்தது. உடம்பில் ஒரு சுருக்குக்கூட இல்லாமல் அவள் நின்ற அதே இடத்தில்தான் அவள் மகன் வெறுங்காலோடு நின்றிருந்தான். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, “அன்பு... எப்பா அன்பு...” என்று முதல்முறையாகக் குற்றம் யார்மேலும் சாட்டாமல் அழுதாள். மோட்டார்ச் சத்தத்தில் அந்த அழுகை வாசலில் நின்றவர்களுக்குமட்டுமே கேட்டது.

அம்சவள்ளியும் செருப்புக்காலோடு உள்ளே போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இளங்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்போடு வாசற்படியைத் தாண்டி வந்து நின்றான்.

“படத்த எடுத்து வெளிய மாட்டிடட்டாம்மா?”

“வாணாம்,” என்றாள் பவுனம்மாள், முந்தானையால் மூக்கைச் சிந்தியபடி. “இங்கயே இருக்கட்டும். யாரு வெறுங்காலோட வராங்கன்னு அவ பாத்துக்கட்டும்.”

தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அம்சவள்ளி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கினாள். முதல் மடையை வெட்டினாள். வறண்ட பாத்திக்குள் தண்ணீர் நுழைந்து, வெடிப்புகளில் இறங்கும்போது குபுகுபுவென்று குமிழி விட்டது. மேட்டுப் பாத்தி பிழைக்குமோ பிழைக்காதோ தெரியாது. பள்ளத்துப் பயிர் பிழைக்கும்.

பின்னால், புதிய பெட்டியைப் பார்க்கும் ஆவலில் ராஜாமணி கொட்டகையை நெருங்கியிருக்க வேண்டும். பழக்கத்தில் செருப்பை வாசலில் உதறியிருக்கவும் வேண்டும்.

“டேய் ராஜாமணி! எங்கடா செருப்பு? மாட்டிக்கினு உள்ள வாடா! உன்ன பெத்தவளுக்கு நான் இன்னாடா பதிலு சொல்லுவேன்?”

பவுனம்மாளின் குரல் பாதியில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து மறுபடியும் எழுந்து, முன்னிலும் உரக்கத் திட்டியது. அம்சவள்ளி திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மடைக்கு நடந்து, மண்வெட்டியை ஓங்கினாள்.